கறுப்புச் சட்டை தொடர்பாக விளக்கம் அளித்தல்

அனுப்புநர்: மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை.
பெறுநர்: உயர்திரு முதல்வர் மற்றும் ஒழுங்கு நடவடிக்கைக் குழுத் தலைவர் அவர்கள்.
பொருள்: கறுப்புச் சட்டை அணிந்தது, அனுமதியின்றிக் கேள்வி கேட்டது குறித்து விளக்கம்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் மெமோ துறைத் தலைவர் கையால் கிடைத்தது. கொடுக்கும்போது, "வேண்டாத வேலை ஏன்டா உனக்கு? சாரினு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போ" என்றார். நல்ல மனிதர். எங்கள் துறையில் தன் சொந்தப் பெயரில் வேலை பார்க்கிற சிலரில் ஒருவர். அவர் சொன்னபடி இரண்டு வரியில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். மெமோவை மறுபடி ஒருமுறை படித்ததும் கை நிற்கவில்லை.

குற்றச்சாட்டுகள் மூன்று. மாணவர் எழுச்சி விழாவுக்குக் கறுப்புச் சட்டையில் வந்தது. சிறப்பு விருந்தினரிடம், முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புதல் வாங்காத கேள்வியைக் கேட்டது. அப்படிக் கேட்கும்போது அடையாள அட்டை வெளியே தெரியாமல் சட்டைப் பைக்குள் கிடந்தது. மூன்றாவதற்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை. அபராதத்தைக் கட்டிவிடுகிறேன்.

முதலில் சட்டை.

அது போன தீபாவளிக்கு அப்பா வேலை பார்க்கும் தறிப்பட்டறை முதலாளி எடுத்துக் கொடுத்த துணி. பட்டறையில் எல்லாருக்கும் ஒரே பீஸில் வெட்டியது. விழா நாள் சனிக்கிழமை, யூனிபார்ம் வேண்டாம் என்று நீங்கள்தான் சுற்றறிக்கை அனுப்பியிருந்தீர்கள். இருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தேன். கொள்கை எதுவும் இல்லை. கேட்டில் பி.டி. சார் பிடித்து நிறுத்தி, "என்னடா, கறுப்பு?" என்று கேட்ட பிறகுதான் அதில் ஏதோ கொள்கை இருக்கிறது போலிருக்கிறதே என்று யோசிக்க ஆரம்பித்தேன். கார்த்திகை மாதம் முழுக்க அவரே கறுப்பு வேட்டியில்தான் வருகிறார். மாலை போட்டவர் கறுப்பு பக்தி, மாலை போடாதவன் கறுப்பு பயங்கரம் என்று ஏதாவது விதி இருந்தால் கையேட்டில் அச்சிட்டு விடலாம். எங்களுக்கும் வசதி.

யோசித்ததோடு நிற்காமல் கொஞ்சம் தேடியும் பார்த்தேன். 2023 ஜூன் மாதம், ஆளுநர் வருகிற பட்டமளிப்பு விழாவுக்குக் கறுப்பு உடையில் வர வேண்டாம் என்று சேலத்தில் ஒரு பல்கலைக்கழகம் சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றது. அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் பெரியார் பல்கலைக்கழகம். கடைசிவரை கறுப்புச் சட்டை போட்ட கிழவரின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, அந்தப் பலகைக்குக் கீழே கறுப்புக்குத் தடை. அவரே நேரில் வந்திருந்தாலும் வாசலில் நிறுத்தி, "பெரியவரே, மாத்து சட்டை இருக்கா?" என்றுதான் கேட்டிருப்பார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2022-இல், அதே பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. வரலாற்றுத் தேர்வில் நான்கு சாதிப் பெயர்களைக் கொடுத்து இவற்றில் தமிழ்நாட்டில் தாழ்ந்த சாதி எது என்று கேட்டிருந்தார்கள். சரியான விடைக்கு ஒரு மதிப்பெண். ஆக, அந்த வளாகத்தில் எதற்குத் தடை, எதற்கு மதிப்பெண் என்பதில் குழப்பமே இல்லை.

ஆளுநர் விழா என்றால்தான் இப்படி என்று நினைத்திருந்தேன். 2025 ஜனவரி 5. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சிந்துவெளி நாகரிகம் வெளிப்பட்டதன் நூற்றாண்டுக் கருத்தரங்கு. முதலமைச்சர் வருகிறார். கேட்க வந்த மாணவிகளின் கறுப்புத் துப்பட்டாக்களை வாசலிலேயே கழற்றி வாங்கி வைத்துவிட்டார்கள். கொடியிலேயே பாதி கறுப்பு இருக்கிற கட்சியின் ஆட்சி ஐயா அது. பாதுகாப்புப் பணியில் இருந்தவர்கள் அளவு மீறி நடந்துகொண்டார்கள் என்று பிறகு காவல்துறை விளக்கம் சொன்னது. சிந்துவெளியில் தோண்டி எடுத்த கறுப்பு, சிவப்புப் பானைகளை என்ன செய்தார்கள் என்று விசாரிக்க வேண்டும். அதே வாரம் அ.தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர்கள் கறுப்புச் சட்டையில் சட்டமன்றத்துக்குள் போனார்கள். அவர்களை யாரும் கழற்றச் சொல்லவில்லை. அந்த வாரம் ஜனவரி 6-ஆம் தேதிதான் தேசிய கீதம் பாடவில்லை என்று ஆளுநர் உரையைப் படிக்காமலேயே வெளியேறினார். ஆளுநர் வெளிநடப்புச் செய்யலாம், எதிர்க்கட்சி கறுப்பு உடுத்தலாம், ஆளுங்கட்சி கொடியில் கறுப்பைப் பறக்கவிடலாம். பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளையின் தோளில் ஒன்றரை முழத் துணி கிடந்தால் மட்டும் அரசு ஆடிப்போகிறது.

எங்களைப் பார்த்து இவ்வளவு பயமா என்று முதலில் சிரிப்பு வந்தது. பயப்படுகிறவர்களிடம் காரணமும் இருக்கிறது. அது அவர்கள் படித்த வரலாறு. எங்களுக்குத்தான் அதைப் பாடத்தில் வைக்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன், இரண்டாவது குற்றச்சாட்டை முடித்துவிடுகிறேன்.

சிறப்பு விருந்தினர் அன்று முக்கால் மணி நேரம் பேசினார். "இளைஞர்களே, அரசியலுக்கு வாருங்கள். சாக்கடை என்று ஒதுங்காதீர்கள். கேள்வி கேளுங்கள். கேள்வி கேட்காத இனம் வாழாது" என்றார். தான் மாணவனாக இருந்தபோது பேருந்தை மறித்ததையும் சிறைக்குப் போனதையும் சொன்னார். நீங்களெல்லாம் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். "யாராவது கேள்வி கேளுங்கள்" என்றார். முதல் வரிசையில் கேள்விகளோடு தயாராக உட்கார வைக்கப்பட்டிருந்த நான்கு பேரும் வரிசையாக எழுந்து, அவருடைய வெற்றியின் ரகசியம் என்ன, அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார் என்பன போன்ற கடினமான கேள்விகளைக் கேட்டார்கள். ஐந்தாவதாக நான் எழுந்தேன். "ஐயா, எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவைத் தேர்தல் எப்போது நடக்கும்?"

மைக் அணைந்தது. விருந்தினர் "நல்ல கேள்வி" என்று சொல்லி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். அடுத்து நினைவுப் பரிசு வழங்கும் நிகழ்ச்சி என்று அறிவிப்பாளர் சொல்லிவிட்டார். அந்தப் பெரியவருக்கே பக்கத்து மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரி இருப்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அங்கே படிக்கும் நண்பனிடம் கேட்டேன். அங்கேயும் பேரவை இல்லை. பேருந்தை மறித்தவருக்குத் தன் கல்லூரிப் பேருந்தை யாரும் மறித்துவிடக் கூடாது என்கிற அக்கறை இருக்கத்தானே செய்யும்.

நம் கல்லூரியிலும் மாணவர் பேரவை இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. அதன் தலைவரை நீங்களே நியமித்தீர்கள். அவன் வேலை பூங்கொத்தைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டுவது. செயலாளர் குத்துவிளக்குக்குத் திரி போடுவாள். கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேச இருவருக்கும் அதிகாரம் கிடையாது. வாக்களிக்கும் வயது 1989-இல் 21-லிருந்து 18 ஆனது. அதன்படி நான் பிரதமர் யார் என்று முடிவு செய்யலாம். கேன்டீனில் கோழிக்குழம்பு எந்த நாள் என்று முடிவு செய்யக் கூடாது. லிங்டோ குழு என்று ஒன்று இருந்தது. மாணவர் தேர்தலை எப்படி நடத்த வேண்டும், எவ்வளவு செலவு செய்யலாம் என்பதுவரை எழுதிக் கொடுத்தது. 2006-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்று நடைமுறைப்படுத்தச் சொன்னது. நூலகத்தில் போய் அந்த அறிக்கை இருக்கிறதா என்று கேட்டேன். நூலகர் என் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதிக்கொண்டார். புத்தகம் வரவில்லை. மெமோ வந்துவிட்டது.

இப்போது அந்த வரலாற்றுக்கு வருகிறேன். 1965 ஜனவரி 27, சிதம்பரத்தில் இந்தித் திணிப்புக்கு எதிராக ஊர்வலம் போன அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. ராஜேந்திரன் என்கிற மாணவர் செத்தார். இரண்டு வருடம் கழித்து, 1967 தேர்தலில், விருதுநகரில் காமராசரை ஒருவர் தோற்கடித்தார். பெ. சீனிவாசன். அந்தப் போராட்டத்தின் மாணவர் தலைவர்களில் ஒருவர். காங்கிரஸ் அன்று இறங்கியதுதான், அதன் பிறகு பல பத்தாண்டுகள் கோட்டையில் ஏறவில்லை. மாணவர்கள் தெருவில் இறங்கினால் என்ன ஆகும் என்பது இந்த மாநிலத்தின் எல்லாக் கட்சிகளுக்கும் நன்றாகத் தெரியும். அவர்களே அப்படி வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களிடம் பாடம் கற்றவர்கள். ஏணியில் ஏறிப் போனவர்கள் ஏணியைத் தூக்கி மேலே வைத்துக்கொண்டு, "தம்பிகளே, ஏறி வாருங்கள்" என்று கூப்பிடுகிறார்கள். 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுக்காக மெரினாவில் பிள்ளைகள் கூடியபோது முதல் சில நாட்கள் "பண்பாடான போராட்டம், குப்பையைக்கூடப் பொறுக்குகிறார்கள்" என்று எல்லாரும் மெச்சினார்கள். 23-ஆம் தேதி காலையில் அதே பிள்ளைகளுக்கு லத்தி. முழக்கம் தப்பான இடத்துக்குப் போவதாகத் தோன்றியதும் பண்பாடு முடிந்துவிட்டது.

முழக்கம் போடுவதே தவறு என்றும் சொல்வதற்கில்லை. 2025 ஏப்ரல் 12-ஆம் தேதி மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரி மேடையில் ஆளுநர் நின்றுகொண்டு 'ஜெய் ஸ்ரீராம்' சொல்லுங்கள் என்று மாணவர்களிடம் கேட்டார். அவர்களும் சொன்னார்கள். யாருக்கும் மெமோ போனதாகத் தெரியவில்லை. மேலிருந்து உத்தரவு வந்தால் முழக்கம், கீழிருந்து வந்தால் ஒழுங்கீனம். அப்படியே யூ.ஜி.சி.யையும் நினைத்துப் பார்த்தேன். 2023 டிசம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் அது கடிதம் எழுதியது. ஆய்வகத்துக்குக் கருவி வாங்கச் சொல்லி அல்ல. பிரதமர் படத்தோடு செல்பி பாயின்ட் அமைக்கச் சொல்லி. இந்தியாவின் சாதனைகளோடு மாணவர்கள் படம் எடுத்துப் பகிர வேண்டுமாம். எங்கள் முகம் எல்லாருக்கும் தேவைப்படுகிறது. வாய்தான் வேண்டியதில்லை.

மெமோவின் கடைசிப் பத்தியில் போகிறபோக்கில் என் வருகைப் பதிவைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். 75 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆகவே தேர்வு எழுத விடுவது கல்லூரியின் பெருந்தன்மையைப் பொறுத்தது என்று. பெருந்தன்மையின் விலை எவ்வளவு என்பது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். வருகை என்று ஆரம்பித்தது நீங்கள்தான். 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் என்கிற ஊழல் எதிர்ப்பு அமைப்பு ஒரு பட்டியல் வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 224 இணைப்புக் கல்லூரிகளில், 353 பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. ஒருவர் 11 கல்லூரிகளில் இருந்தார். முறைகேடு நடந்திருப்பதை அப்போதைய துணைவேந்தரே ஒப்புக்கொண்டார். ஐயா, நான் ஒரு கல்லூரிக்கே முழுதாக வர முடியாமல் திண்டாடுகிறேன். கல்லூரிப் பேருந்துக்குப் பணம் கட்ட முடியாமல் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருகிறேன், முதல் பீரியட் போய்விடுகிறது. அந்த மனிதர் 11 கல்லூரிகளில் ஒரே காலை ஒன்பது மணிக்கு ஆஜர். சித்தர்கள் செய்யும் வேலை. கூடுவிட்டுக் கூடு பாய்கிறவர்களிடம் இயந்திரவியல் படிக்கிறோம் என்று பெருமைப்பட வேண்டியதுதான்.

நம் கல்லூரியைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. இன்ஸ்பெக்ஷன் நாளன்று காலையில் ஒருவர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்து, "தம்பி, மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். காட்டினேன். பிறகு வகுப்புக்குப் போனால், எங்கள் துறையில் எட்டு வருட அனுபவமுள்ள இணைப் பேராசிரியர் என்று அவரைத்தான் அறிமுகப்படுத்தினார்கள். மாலை நாலு மணிக்கு அந்த ஹெல்மெட் போனது. அதன் பிறகு வரவில்லை. அவருடைய பாடத்தில் எனக்கு இன்டர்னல் மார்க் குறைவு. வகுப்பில் கவனம் செலுத்தவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறார். எந்த வகுப்பில் என்று கேட்டு நான் இன்னொரு மெமோ வாங்க விரும்பவில்லை.

கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வந்தபோது நர்சரியிலிருந்து வாடகைக்கு வந்த பூந்தொட்டிகளை நாங்கள்தான் இறக்கினோம். நூலகப் பதிவேட்டில் போன வருடத் தேதிகளில், பல நிறப் பேனாக்களால், வெவ்வேறு கையெழுத்துகளில் நாங்களே கையெழுத்துப் போட்டோம். கல்லூரியில் எங்களுக்கு உண்மையாகவே கிடைத்த கைத்திறன் பயிற்சி அது ஒன்றுதான். குழு வந்தது, சாப்பிட்டது, போனது. மாணவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எழுதியதாம். இப்படி எழுதுகிறவர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று 2025 பிப்ரவரியில் சி.பி.ஐ. கொஞ்சம் திரையை விலக்கியது. ஆந்திராவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்கு ஏ பிளஸ் பிளஸ் தரம் கொடுப்பதற்காக ரொக்கம், தங்கம், செல்போன், லேப்டாப் என்று லஞ்சம் கைமாறியதாக வழக்குப் போட்டு, நாக் ஆய்வுக் குழுவினரையும் அந்தப் பல்கலைக்கழக நிர்வாகிகளையும் சேர்த்துப் பத்துப் பேரைக் கைது செய்தது. மதிப்பெண் போடும் குழுவுக்கே மதிப்பெண் போட ஒரு குழு வேண்டியிருக்கிறது. தேர்வில் நான் ஒரு துண்டுக் காகிதத்தோடு பிடிபட்டிருந்தால் என் படிப்பையே முடித்துவிட்டிருப்பீர்கள்.

காகிதம் என்றதும் தங்கையின் ஞாபகம் வருகிறது. 2024-இல் நீட் எழுதினாள். அரைக்கை சட்டை, தோடு கழற்றி, கொலுசு கழற்றி, தலைமுடியைப் பிரித்துப் பார்த்து உள்ளே விட்டார்கள். அவ்வளவு சோதனையும் அவள் தலைமுடிக்குள்தான். கேள்வித்தாள் ஜார்க்கண்டிலும் பீகாரிலும் முன்கூட்டியே வெளியே போயிருந்தது. தேர்தல் முடிவு வந்த ஜூன் 4-ஆம் தேதியாகப் பார்த்து நீட் முடிவையும் விட்டார்கள், 67 பேருக்கு 720-க்கு 720. அந்த மாதமே நடந்த யூ.ஜி.சி. நெட் தேர்வை மறுநாளே ரத்து செய்தார்கள். எழுதியவர்கள் இலட்சக்கணக்கானவர்கள். அவர்களில் யாராவது அதிகாரிகளின் தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார்களா? தங்கை இப்போது நர்சிங் படிக்கிறாள். அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவாள்.

துணைவேந்தர்கள் கதையையும் சொல்லாமல் விட்டால் வருகைப் பதிவேடு முழுமையாகாது. 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் 2023 ஆகஸ்டில் துணைவேந்தர் போனார், இரண்டு வருடம் கழிந்தும் அடுத்தவர் வரவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் 2024 ஆகஸ்டில் காலியான இடமும் ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. தேடல் குழுவில் யூ.ஜி.சி. ஆள் வேண்டும் என்று ஆளுநர். வேண்டாம் என்று அரசு. 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், ஆளுநர் கிடப்பில் போட்ட பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. மே 21-ஆம் தேதி உயர் நீதிமன்றம், துணைவேந்தர் நியமனத்தை அரசின் கையில் கொடுக்கும் பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. இரண்டு தரப்புமே மாணவர் நலனுக்காகத்தான் சண்டை போடுகிறார்களாம். மாணவர்கள் யாரையும் அவர்கள் கேட்டதாக எனக்குத் தகவல் இல்லை. நான் இரண்டு நாள் வராவிட்டால் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறீர்கள். இரண்டு வருடம் வராத துணைவேந்தருக்கு யாருடைய அப்பாவை அழைப்பது ஐயா? டெல்லியில் ஒருவரும் சென்னையில் ஒருவருமாக இரண்டு அப்பாக்கள் இருப்பதுதான் அங்கே சிக்கலே.

இதுவரை எழுதியதைச் சிரித்துக்கொண்டே எழுதிவிட்டேன். அடுத்ததை அப்படி எழுத வரவில்லை.

2024 டிசம்பர் 23-ஆம் தேதி இரவு, அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவி பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பயந்து ஒதுங்காமல் புகார் கொடுத்தார். அவர் அடையாளம் தெரியும்படியாக முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. அந்தப் பெண்ணையே குற்றவாளிபோல் காட்டும் விதத்தில் அது எழுதப்பட்டிருந்ததை உயர் நீதிமன்றமே கண்டித்து, அவருக்கு 25 இலட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொன்னது; பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புக் குழுவை அமைத்தது. 2025 ஜூன் 2-ஆம் தேதி குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை, குறைந்தது 30 ஆண்டுகள் வெளியே வர முடியாது. தீர்ப்பு ஐந்து மாதத்தில் வந்தது. அது அந்தப் பெண்ணின் துணிச்சலுக்குக் கிடைத்தது.

அந்த ஐந்து மாதமும் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு கட்சி 'யார் அந்த சார்?' என்று பேட்ஜ் அச்சடித்தது. பா.ஜ.க.வின் அப்போதைய மாநிலத் தலைவர் அண்ணாமலை கோவையில் தன் வீட்டு வாசலில் கேமராக்கள் சுற்றி நிற்க, தன்னைத்தானே சாட்டையால் அடித்துக்கொண்டார். தி.மு.க. ஆட்சி இறங்கும்வரை செருப்புப் போட மாட்டேன் என்றார். 2025 ஏப்ரலில் கட்சிக்கு அ.தி.மு.க. கூட்டணி அமைந்ததும் புதிய தலைவர் கேட்டுக்கொண்டபடி போட்டுக்கொண்டார். ஆட்சி அப்போது இறங்கவில்லை, கால் இறங்கிவிட்டது. ஆளுங்கட்சிக்காரர்களோ குற்றவாளி எங்கள் கட்சி உறுப்பினர் இல்லை என்று நிரூபிப்பதில் காட்டிய வேகத்தை வளாகத்துக்குள் ஒரு விளக்குக் கம்பம் நடுவதில் காட்டியிருக்கலாம். பேட்ஜ், சாட்டை, செருப்பு, மறுப்பறிக்கை. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண்ணுக்கு உட்கார ஓர் இடம் இருந்ததா?

நம் கல்லூரி என்ன செய்தது என்பது உங்களுக்கே தெரியும். பெண்கள் விடுதி கேட்டை மூடும் நேரத்தை முன்னுக்குத் தள்ளினீர்கள். பையன்கள் விடுதி கேட் பழைய நேரத்திலேயே இருக்கிறது. படிக்கட்டு தனி, கேன்டீனில் வரிசை தனி என்று ஏற்கெனவே இருந்ததோடு, கூடுதலாக எங்கள் வகுப்புப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்து, எப்படி உடுத்த வேண்டும், யாரோடு பேசக் கூடாது என்று ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தீர்கள். பையன்களைக் கூட்டி ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. உள்ளகப் புகார்க் குழு என்று சட்டப்படி இருக்க வேண்டிய ஒன்றின் உறுப்பினர்கள் யார் என்று என் வகுப்புத் தோழி கேட்டாள். அறிவிப்புப் பலகையில் இருக்கிறது என்றார்கள். இருந்தது. அதில் இருந்த பேராசிரியைகளில் ஒருவர் வேலையை விட்டுப் போய் நாளாகிவிட்டது.

பிளேஸ்மென்ட் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் பேனரில் சிரிக்கும் முகங்களில் பாதிப் பேர் ஆஃபர் லெட்டரோடு வீட்டில் இருக்கிறார்கள். 2022-இல் வேலை கிடைத்து, இரண்டு வருடம் காத்திருந்து சேர்ந்த பயிற்சியாளர்களில் 300-க்கும் மேற்பட்டவர்களை 2025 பிப்ரவரியில் மைசூரு வளாகத்திலிருந்து இன்போசிஸ் வெளியேற்றியது. அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நாராயண மூர்த்திதான் இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023-இல் அறிவுரை சொன்னார். 70 மணி நேரம் பார்க்க நாங்கள் தயார். முதல் மணி நேரத்தைக் கொடுங்கள்.

மெமோவின்படி நான் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவைத் திங்கட்கிழமை அழைத்து வர வேண்டும். மன்னிப்புக் கடிதம் இத்துடன் இல்லை. அப்பா வருகிறார். ஒரு ஷிப்ட் போனால் அன்றைய மீட்டர் கூலி போய்விடும், இருந்தாலும் வருகிறார். மெமோ ஆங்கிலத்தில் இருந்ததால் நான் வாசித்துச் சொன்னேன். சட்டையைப் பற்றிய பத்தியில், "அது முதலாளி எடுத்துக் குடுத்ததுன்னு சொல்றதுதானுங்க?" என்றார். உங்களுக்கும் சேர்த்து 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார்.

அவர் உங்களிடம் கையைக் கட்டிக்கொண்டு பேசுவார், என்னை உங்கள் முன்னாலேயே திட்டவும் செய்வார். அதன் பிறகு ஒரு காரியம் இருக்கிறது. நான் அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தவன். என்னைப் போன்றவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டும் என்று 2021-இலேயே முதலமைச்சர் அறிவித்துவிட்டார். அது தெரியாத காலத்தில் பயிற்சிக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், இதரக் கட்டணம் என்று கல்லூரி கேட்டபோதெல்லாம் அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அச்சிட்ட ரசீதுக்குப் பதிலாக வெள்ளைத் துண்டுக் காகிதத்தில் தொகையும் ஒரு கிறுக்கலும். அத்தனையையும் ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் கவரிலேயே பத்திரமாக வைத்திருக்கிறார். கவரோடு நேராக உங்கள் அறைக்கு வர வேண்டாம், முதலில் அக்கவுண்ட்ஸ் கவுண்டரில் நின்று ஒவ்வொன்றுக்கும் முறையான ரசீது கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதே ஒதுக்கீட்டில் சேர்ந்த மற்றவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் விஷயத்தைப் போட்டுவிட்டேன். அவர்களுடைய அப்பாக்களும் அம்மாக்களும் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கே வருவதாகப் பதில் வந்திருக்கிறது. கேட்டில் வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்.